அம்மி இருக்கிறது, குழவி எங்கே?

கார்டன் ரீச் வாசகிக்கு,

உங்கள் கடிதத்தின் முதல் வரியைப் படித்ததும் கொஞ்சம் ஆடித்தான் போனேன். "நாத்தனார் பெண் கல்யாணத்தில் ஒருவரைக் கொல்லலாம் என்றிருக்கிறேன், யாரைக் கொன்றால் நன்றாக இருக்கும்?" என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். அடுத்த பத்தியில்தான் அது கதை என்று தெரிந்து மூச்சு வந்தது. இதே கேள்வியை மனசுக்குள் வைத்திருக்கும் வாசகர்கள் இன்னும் பலர் இருப்பார்கள். கல்யாண வீட்டில் நாலு நாள் தங்கியவர்களுக்கு இந்த எண்ணம் வராமல் இருக்காது. அதனால் பதிலை எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நீங்கள் கேட்டவை இரண்டு. கொலையும் இருக்க வேண்டும், சிரிப்பும் வர வேண்டும். கல்யாணத்தை வைத்து அப்படி எழுத முடியுமா? முடியும் என்றால், அந்தக் கல்யாணம் கல்கத்தாவில் உங்கள் கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸிலேயே நடக்கலாமா, இல்லை கும்பகோணத்துக்கு மாற்றிவிட வேண்டுமா?

முடியும். கார்டன் ரீச்சிலேயே நடக்கட்டும். கும்பகோணத்தில் ஏற்கெனவே போதுமான பேரைக் கொன்றாகிவிட்டது.

வெளிநாட்டுப் புத்தகக் கடைகளில் இந்த வகைக்கென்றே தனி அலமாரி உண்டு. ஊர் சின்னதாக இருக்கும். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ரத்தம் கண்ணில் படாது. கண்டுபிடிப்பவர் போலீஸ்காரராக இருக்கமாட்டார். பெரும்பாலும் வயதான பெண்மணி, அதுவும் வம்பு கேட்பதில் தேர்ந்தவர். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் 1930-ல் முதல் நாவலில் வந்ததிலிருந்து அவருடைய ஆராய்ச்சி முறை ஒன்றுதான்: இந்த ஆளைப் பார்த்தால் எங்கள் ஊரில் இன்னார் செய்த திருட்டுத்தனம் ஞாபகம் வருகிறது என்பார். அது சரியாகவே இருக்கும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்த வகை இன்னும் கொழுத்தது. அலபாமாவைச் சேர்ந்த ஆன் ஜார்ஜ் ஒரு அக்கா தங்கை ஜோடியை வைத்து எழுதினார். தங்கை ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அக்கா மூன்று பணக்காரக் கணவர்களை வரிசையாக அடக்கம் செய்துவிட்டு உற்சாகமாக இருப்பவர். 1996-ல் வந்த அந்த வரிசையின் முதல் புத்தகத்துக்கே அகதா விருது கிடைத்தது. விருந்து, கல்யாணம், துக்கம் விசாரிக்கப் போகிற வீடு, எல்லா இடத்திலும் சாப்பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டு அந்த இரண்டு பேரும் கொலைகாரனைப் பிடித்துவிடுவார்கள். தென்னாட்டுக்காரர்கள் எந்த நாட்டிலும் தென்னாட்டுக்காரர்கள்தான் போலிருக்கிறது.

நம்மிடம் சரக்கு இல்லாமல் இல்லை. 1908-லேயே ஜே.ஆர். ரங்கராஜு 'ராஜாம்பாள்' நாவலில் துப்பறியும் கோவிந்தனை இறக்கிவிட்டார். 1940-களில் ஆனந்த விகடனில் தேவனின் சாம்பு வந்தார். ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1929-ல் துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்திருந்தார். தற்செயலான எதுவும் துப்பறிபவருக்கு உதவக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. அந்தக் கட்டளையைத் தூளாக்கியதுதான் சாம்புவின் சாதனை. பாங்கு குமாஸ்தாவாக இருந்த அந்த அசட்டு மனிதர் தடுக்கி விழுந்தால் விழுந்த இடத்தில் திருடன் இருப்பான். இன்ஸ்பெக்டர் கோபாலன் பரவசப்பட்டுப் போவார். இன்னொரு பக்கம் 1963-ல் சாவி 'வாஷிங்டனில் திருமணம்' எழுதி, ராக்பெல்லர் வீட்டு அம்மாள் செலவில் ஒரு முழு ஐயர் கல்யாணத்தை அமெரிக்காவுக்கு ஏற்றிக்கொண்டு போனார். இப்படிச் சிரிப்போடு துப்பறிவதற்கு ஒரு மேதை, கல்யாணத்துக்கு ஒரு மேதை. இந்த இரண்டு குடும்பத்துக்கும் சம்பந்தம் பேசி முடிக்கும் வேலையைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள்.

ஏன் கல்யாணம்? சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். கொலை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறது. கல்யாணமோ நிற்கமாட்டேன் என்கிறது. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். அதற்குப் பிறகு ராகு காலம். மாப்பிள்ளை காசி யாத்திரைக்குக் குடையோடு கிளம்பியாகிவிட்டது. அதிலும் கல்கத்தாவிலிருந்து காசி பக்கம் என்பதால் நிஜமாகவே போய்விடுவானோ என்று பெண்ணுக்கு அப்பா கவலைப்பட வேண்டியிருக்கிறது. பின்கட்டில் ஒருவர் இறந்து கிடக்கிறார். "இப்போது யாரிடமும் சொல்லாதே, தாலி ஏறட்டும்" என்று ஒரு மாமா முடிவெடுக்கிறார். அந்த மாமா கெட்டவர் இல்லை. ஊரில் எந்த மாமாவும் அதைத்தான் செய்வார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தால் அவரும் சந்தேகப் பட்டியலில் ஏறிவிடுகிறார். நீங்கள் ஜோக்கே எழுத வேண்டாம். இந்த இழுபறியைப் பிசகாமல் எழுதினால் போதும்.

இனி இடம். கார்டன் ரீச்சைப் பார்த்துவிட்டு "இங்கே எப்படிச் சின்ன ஊர்க் கதை நடக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இருக்கும் காம்பவுண்டையே பாருங்கள். 1887-ல் ஆரம்பித்த பெங்கால் நாக்பூர் ரயில்வே, 1955-லிருந்து தென்கிழக்கு ரயில்வே. தலைமை அலுவலகம், குவார்ட்டர்ஸ், கிளப், மரங்கள், சுற்றிலும் சுவர். சுவருக்குள் இருப்பவர்களுக்கு ஒருவருடைய பிரமோஷன் இன்னொருவருக்கு அவருடைய மனைவிக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். ஆங்கில நாவலாசிரியர்கள் கற்பனை செய்து உண்டாக்கிய கிராமம் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது.

சுவருக்கு வெளியே இன்னும் வளம். ஒரு பக்கம் ஹூக்ளி. அக்கரையில் 1787-ல் உண்டான தாவரவியல் பூங்கா. இக்கரையில் போர்க்கப்பல் கட்டும் தளம். அதைத் தாண்டினால் மட்டியாபுருஜ். ராஜ்யத்தைப் பறிகொடுத்த அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா 1856-ல் கல்கத்தா வந்து, இங்கே இன்னொரு லக்னோவைக் கட்டிக்கொண்டு, 1887-ல் இங்கேயே கண்ணை மூடினார். கதக், தும்ரி, மிருகக்காட்சி சாலை, பிரியாணியில் உருளைக்கிழங்கு என்று அவர் பெயரில் கல்கத்தா சொல்லும் கதைகள் ஏராளம். இன்றைக்கு மட்டியாபுருஜ் என்றால் தையல். ஓஸ்தாகர்கள் என்று அழைக்கப்படும் தையல் முதலாளிகளின் பட்டறைகளிலிருந்து ரெடிமேட் துணி நாடெங்கும் போகிறது. கல்யாணத்துக்கு முந்தின நாள் பத்து ரவிக்கையைப் பிரித்துத் தைத்துக் கொடுக்க இதைவிட வேறு இடம் உண்டா? ஒரு தையற்காரருக்கு யார் பெருத்தார், யார் இளைத்தார், யார் உள்பை வைக்கச் சொன்னார் என்பதெல்லாம் தெரியும். சாட்சிகளில் அவரே சிறந்தவர்.

துப்பறிவதற்கும் கல்கத்தா சாதாரண ஊர் இல்லை. இந்த நகரப் போலீஸில் 1868-லேயே துப்பறியும் இலாகா வந்துவிட்டது. அதில் வேலை பார்த்த பிரியநாத் முகோபாத்யாய் தாம் விசாரித்த வழக்குகளை 1892-லிருந்து 'தரோகார் தப்தர்' என்று வங்காளியில் எழுதிக் குவித்தார். 1897-ல் கைரேகைக்கென்று உலகத்தின் முதல் காரியாலயம் இங்கேதான் ஆரம்பமானது. எட்வர்ட் ஹென்றியின் பெயரில் பிரபலமான ரேகை வகைப்பாட்டுக்குப் பின்னால் உழைத்தவர்கள் அஜிஜுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு வங்காள அதிகாரிகள்.

சீக்கிரமே ஒரு வழக்கு. ஜல்பைகுரி ஜில்லாவில் ஒரு தேயிலைத் தோட்ட மானேஜர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். பெட்டியிலிருந்த பணம் போயிருந்தது. சந்தேகத்துக்குக் குறைவில்லை. சமையற்காரன் துணியில் ரத்தத் துளிகள். எசமானுக்குச் சமைப்பதற்காகப் புறாவை அறுத்தேன் என்றான். அவன் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்தது. கடைசியில் பெட்டிக்குள் இருந்த ஒரு வங்காளப் பஞ்சாங்கத்தின் மேல் லேசான பழுப்புக் கறை தென்பட்டது. அது ஒரு வலது கட்டைவிரல். கல்கத்தாவில் சேர்த்து வைத்திருந்த ரேகைகளோடு ஒப்பிட்டார்கள். முன்பு அதே மானேஜரிடம் வேலை பார்த்து, திருட்டுக்காக ஜெயிலுக்குப் போன காங்காலி சரண் அகப்பட்டான். இதில் வேடிக்கை, 1898-ல் கோர்ட்டு அவனைத் திருட்டுக்காகத்தான் தண்டித்தது. பணப்பெட்டியைத் தொட்டான் என்பதற்கு ரேகை இருக்கிறது, கொன்றான் என்பதற்குப் பார்த்த சாட்சி இல்லை என்று கொலைக் குற்றத்திலிருந்து விட்டுவிட்டது.

சமையற்காரன் மேல் வீண் சந்தேகம், பஞ்சாங்கத்தில் துப்பு. நம் கல்யாணத்துக்கு இதைவிடப் பொருத்தமான பத்துப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? உங்கள் கதையிலும் வாத்தியாரின் பஞ்சாங்கம் ஒரு சுற்று வந்து போகட்டும். ஆனால் முக்கியமான துப்பு அதுவாக இருக்க வேண்டாம். அதற்கு வேறொன்று வைத்திருக்கிறேன், சொல்கிறேன்.

முதலில் யார் சாவது? பெண், மாப்பிள்ளை கூடாது. குழந்தைகள் கூடவே கூடாது. எல்லோருக்கும் காரணம் இருக்க வேண்டும், யாருக்கும் பெரிய துக்கம் இருக்கக் கூடாது. நம் கல்யாணங்களில் அப்படி ஒருவர் ரெடியாக இருக்கிறார்: மொட்டைக் கடிதம் எழுதுபவர். "உங்கள் பிள்ளைக்குப் பார்த்திருக்கும் பெண்ணுக்கு ஏற்கெனவே" என்று ஆரம்பித்து, "இப்படிக்கு, தங்கள் நலம் விரும்பி" என்று முடிப்பவர். மூன்று வீட்டுச் சம்பந்தங்களைக் கலைத்திருப்பார். அந்த மூன்று வீட்டாரும் அன்றைக்குப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பார்கள். கடிதம் எழுதியவர் அவர்தான் என்று அதுவரை யாருக்கும் தெரியாது, ஒரே ஒருவரைத் தவிர. அந்த ஒருவருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் உங்கள் கதை.

துப்பறிபவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உக்கிராண அறைச் சாவியை இடுப்பில் செருகியிருக்கும் அத்தை. கல்யாணத்தில் அவரை யாரும் போட்டோ எடுப்பதில்லை. மேடைக்கு ஒரு தடவைகூட ஏறமாட்டார். ஆனால் எத்தனை தேங்காய் வந்தது, எத்தனை உடைந்தது, சீர் முறுக்கு ஐம்பத்தொன்றில் எது விரிசல், காபிப் பொடியை யார் கேட்டார், யார் கேட்காமலே எடுத்துக்கொண்டார், எல்லாம் அவர் கணக்கில் இருக்கும். போலீஸ்காரருக்குக் கொலை நடந்த பிறகுதான் அந்த இடம் தெரியும். அத்தைக்கு நடப்பதற்கு முன்னாலேயே தெரியும். அதனால்தான் எது மாறியிருக்கிறது என்று அவரால் சொல்ல முடிகிறது. என் கருத்தில் இந்த வகைக் கதையின் உயிரே இதுதான்: வீட்டு வேலை என்று யாரும் மதிக்காத அறிவு, ஒரு நாள் மட்டும் மற்ற எல்லா அறிவையும் தோற்கடிக்கிறது.

இப்போது அந்தத் துப்பு. அம்மி மிதிக்கும் சடங்கு வருகிறது. மாப்பிள்ளை பெண்ணின் காலைப் பிடித்து அம்மிமேல் வைக்கிறார். போட்டோகிராபர் "ஒன்ஸ் மோர்" என்கிறார். எல்லோரும் காலைப் பார்க்கிறார்கள், மெட்டியைப் பார்க்கிறார்கள். அத்தை மட்டும் அம்மியைப் பார்க்கிறார். சமையல் கட்டிலிருந்து வந்த கல், மஞ்சள் பூசி வைத்திருக்கிறார்கள். சடங்குக்கு அம்மி போதும், குழவி வேண்டியதில்லை. அதனால்தான் யாரும் தேடவில்லை. ஆனால் அம்மியில் அரைத்துப் பழகிய கைக்கு அது தனியாக இருப்பது உறுத்தும். முந்தின ராத்திரி இரண்டும் ஜோடியாக உக்கிராணத்துச் சுவரோரம் சாத்தியிருந்தன. "அம்மி இருக்கிறது, குழவி எங்கே?" என்று அத்தை தனக்குள் கேட்டுக்கொள்கிறார். மேளம் கொட்டுகிறது, அட்சதை விழுகிறது, அத்தை மட்டும் மெல்ல எழுந்து பின்கட்டுக்குப் போகிறார். இந்த இடத்தில் அத்தியாயத்தை முடியுங்கள். குழவி எந்த வேலைக்குப் போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிணம் கிடைப்பதை எப்படிச் சிரிப்பாக்குவது என்று கேட்டிருந்தீர்கள். பக்கத்து குவார்ட்டர்ஸ் வங்காளிக் குடும்பத்தை உபயோகித்துக்கொள்ளுங்கள். அவர்கள் கல்யாணத்தில் தட்டுத் தட்டாகச் சீர் அனுப்புவார்கள். அதில் ஒரு பெரிய ரோகு மீனுக்குப் புடவை கட்டி, பொட்டு வைத்து, மணப்பெண்போல அலங்கரித்து வைப்பதுண்டு. நீங்கள் சைவம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் ரொம்ப யோசித்து, மீன் வடிவத்தில் சந்தேஷ் செய்யச் சொல்லி, அதற்குப் பட்டுத்துணி சுற்றி அனுப்புகிறார்கள். அதிகாலை இருட்டில் பின்கட்டு உக்கிராணத்துக்குப் போன பாட்டி, புடவை கட்டிய மீனைப் பார்த்து வீல் என்று கத்துகிறார். ஊரே ஓடிவருகிறது. இனிப்பு என்று தெரிந்து எல்லோரும் சிரிக்கிறார்கள். ஒரு பையன் வாலைக் கடித்துவிடுகிறான். அரைமணி கழித்து அதே அறையிலிருந்து இன்னொரு அலறல். "பாட்டி மறுபடியும் மீனைப் பார்த்துவிட்டாள்" என்று ஒருவரும் அசையவில்லை. வாசகர் சிரித்து முடிப்பதற்குள் பிணத்தைக் காட்டிவிடுங்கள்.

இன்ஸ்பெக்டர் வங்காளிதான். அவரை முட்டாளாக்காதீர்கள், அது பழைய வித்தை. அவருக்கு வேறு தலைவலி கொடுக்கலாம். ஒரு சாட்சி "அத்திம்பேரைப் பின்கட்டில் பார்த்தேன்" என்கிறாள். இன்னொருவர் "அம்மாஞ்சி" என்கிறார். மூன்றாமவர் "எங்கள் ஷட்டகர்". நான்காமவர் "மாப்பிள்ளை", அதாவது பழைய மாப்பிள்ளை. இன்ஸ்பெக்டர் நோட்டில் நாலு பேர் ஏறிவிட்டார்கள். அத்தை காபியைக் கொடுத்துவிட்டு, நாலும் ஒரே ஆள்தான் என்கிறார். இன்ஸ்பெக்டர் கோபித்துக்கொள்ளமாட்டார். மேஜோ, ஷேஜோ, சோட்டோ என்று மாமாக்களை வரிசை போட்டுக் கூப்பிட்டு வளர்ந்தவர். "அப்படியானால் ஒரே ஆள் நாலு பேர் கண்ணில் பட்டிருக்கிறார்" என்று தன் பங்குக்கு ஒரு நல்ல விஷயத்தைச் சொல்கிறார். அதிலிருந்து அத்தையும் அவரும் கூட்டாளிகள்.

பொய் சாக்கு ஒன்று வேண்டுமே? அதையும் ஊரே கொடுக்கிறது. கிதர்பூர்ப் பக்கம் கப்பலுக்காகப் பாலம் திறந்தால் சாலை நின்றுவிடும். "லேக் மார்க்கெட்டிலிருந்து வாழை இலையும் பூவும் ஏற்றிக்கொண்டு வந்தேன், பாலம் தூக்கியிருந்தது, முக்கால் மணி நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்" என்று ஒருவர் சொல்லலாம். எல்லோருக்கும் அந்த அனுபவம் உண்டு என்பதால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் பக்கத்து வீட்டு வங்காளித் தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கல்கத்தா ஆற்றுத் துறைமுகம். கப்பல் உள்ளே வர நீர் ஏற்றம் வேண்டும். பஞ்சாங்கத்தில் திதியைப் பார்க்கிறார், கையைக் கொஞ்சம் மடக்கி எண்ணுகிறார், "அந்த நேரத்தில் ஆற்றில் நீர் இறக்கம் ஆயிற்றே, எந்தக் கப்பலுக்காகப் பாலம் தூக்கினார்கள்?" என்று கேட்கிறார். வாத்தியாரின் பஞ்சாங்கம் ஒரு சுற்று வரட்டும் என்றேனே, அது இங்கேதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். கார்டன் ரீச், மட்டியாபுருஜ் என்றாலே துறைமுகம், கடத்தல், கத்தி என்று எழுதுவது நகரத்தின் மறுபக்கத்தில் இருப்பவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. 1984-ல் துறைமுகப் பகுதிக் காவல் துணை ஆணையர் பணியில் இருக்கும்போதே இங்கே கொல்லப்பட்டார். அது நிஜத் துக்கம். சிரிப்புக் கதையின் ஓரத்தில்கூட அதை வைக்க வேண்டாம். ஓஸ்தாகரின் பையனையோ படகுக்காரரையோ வெறுமனே சந்தேகத்துக்காகக் கூட்டிவந்து நிறுத்தவும் வேண்டாம். அது நியாயமில்லை என்பது ஒரு பக்கம்; கதைக்கும் அது கெடுதல். வெளியாள் கொன்றான் என்றால் வாசகர் புத்தகத்தை மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவார். கொலைகாரர் இரண்டாவது பந்தியில் உட்கார்ந்து, பாயசம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டவராக இருக்க வேண்டும். பரிமாறியவரே அத்தையாக இருந்தால் இன்னும் விசேஷம்.

சிரிப்பு யார்மேல் விழ வேண்டும் என்பதிலும் கவனம் வேண்டும். செத்தவர்மேல் விழக் கூடாது. அவர் எவ்வளவு விஷமக்காரராக இருந்தாலும் கடைசியில் அவருடைய பெட்டியைத் திறக்கும்போது, அனுப்பாமல் வைத்திருந்த ஒரு கடிதமாவது இருக்கட்டும். யாருக்கோ மன்னிப்புக் கேட்டு, தன் பெயரையே போட்டு எழுதியது. அந்தப் பக்கத்தில் வாசகர் சிரிக்கமாட்டார். சிரிக்காத ஒரு பக்கம் இருந்தால்தான் மற்ற இருநூறு பக்கச் சிரிப்புக்கும் மரியாதை.

எழுத ஆரம்பிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். முடிவை முதலில் தீர்மானியுங்கள். பிறகு உக்கிராண அறையின் சாமான் பட்டியலை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். தேங்காய், வெல்லம், வாழைத்தார், பருப்புத் தேங்காய்க் கூடு, கோலமாவு, ஜமக்காளம், அம்மி, குழவி. கொலைக்கு முன் ஒரு பட்டியல், பின் ஒரு பட்டியல். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வொன்றும் வாசகர் கண்ணில் ஒரு தடவையாவது பட்டிருக்க வேண்டும். மறைத்து வைத்து ஜெயிப்பது சுலபம். கண்ணெதிரே வைத்துவிட்டு, மெட்டியைப் பார்க்கச் சொல்லி ஜெயிப்பதுதான் வித்தை.

எழுதி முடித்ததும் அனுப்புங்கள். கொலைகாரர் யார் என்று மட்டும் கவரிங் லெட்டரில் எழுதிவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்

பி.கு.: நாத்தனார் பெண்ணின் நிஜக் கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருக்கிறீர்கள். கட்டாயம் வருகிறேன். காபியை மட்டும் எனக்கு முன்னால் நீங்கள் ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டும்.